வீட்டுக்கு வாங்கும்போதும் கொள்முதல் கண் வேண்டும்

ஆரணிக்குப் பட்டு வாங்க வரும் வெளியூர் வியாபாரிகளைக் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் உட்கார்ந்து இருபது சேலை பிரித்துப் பார்ப்பார்கள். பிடித்ததை மட்டும் தனியே எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் முந்தானையையும் உடலையும் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும். மளிகைக்காரர்களாகிய நாமும் அப்படித்தான். துவரம்பருப்பு மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்க்காமல் நாம் ஒரு லாட்டும் எடுப்பதில்லை.

இதே நாம் வீட்டுக்குத் திரைச்சீலை, சோபா, விரிப்பு வாங்கப் போகும்போது அந்தக் கண்ணைக் கல்லாப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். பெண் பார்க்க வருகிறார்கள், கிரகப்பிரவேசம் வருகிறது என்று நாள் குறித்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுகிறோம். ராத்திரி எட்டு மணிக்குக் கடையை மூடிவிட்டுப் போய், விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குப் பட்டதை வாங்குகிறோம். அந்தப் பணம் பெரும்பாலும் லாபத்திலிருந்து போவதில்லை, முதலிலிருந்து போகிறது. பண்டிகைச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் கை கடிப்பது அப்புறம்தான் தெரிகிறது. ஆகவே இந்த முறை வீட்டுச் சரக்கைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். ஒரே துணி டியூப் லைட்டில் ஒரு நிறமாகவும், மஞ்சள் பல்பில் ஒரு நிறமாகவும், வெயிலில் வேறாகவும் தெரியும். நமக்குத் தெரிந்த ஒரு எண்ணெய்க் கடைக்காரர் அரக்கு நிறம் என்று நினைத்து வாங்கிய திரை, வீட்டில் மாட்டியதும் காப்பிக் கொட்டை நிறமாகிவிட்டது. அதில் கடைக்காரர் ஏமாற்றியது ஒன்றுமில்லை, விளக்கின் வேலை அது. எல்.இ.டி. பல்பு பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண்ணும் சில பெட்டிகளில் இருக்கும். அது 80க்குக் கீழே இருந்தால் அந்த விளக்கில் சிவப்பும் அரக்கும் செத்துப்போய்த் தெரியும். 90க்கு மேல் இருந்தால் நிறம் நிறமாகத் தெரியும். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் 3000, கணக்கு எழுதும் மேஜைக்கும் சமையலறைக்கும் 4000 முதல் 6500 வரை என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கை முடிவு செய்துவிட்டுத்தான் துணிக்குப் போக வேண்டும். துணியில் ஒரு முழம் சாம்பிள் கேட்டு வாங்கி, மாட்டப்போகும் ஜன்னலிலேயே காலை, உச்சி, இரவு என மூன்று வேளை தொங்கவிட்டுப் பாருங்கள்.

சுவர்ப் பூச்சுக்கும் இதே விதிதான். நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி சுவரில் இரண்டு கோட்டிங் அடித்துப் பார்ப்பது நல்லது. மளிகைக்காரர் வீட்டில் இதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைக்குப் பின்னால் வீடு இருப்பவர்கள் உப்பு மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருப்பார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறிப் பூச்சைப் பொரிப் பொரியாக உதிர்க்கும். அதன்மேல் எந்தக் கம்பெனி பெயின்ட் அடித்தாலும் நிற்காது. மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, பழைய பூச்சைச் சுரண்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

இனி அளவு. திரைச்சீலைக்குக் கடைக்காரர் சொல்லும் மீட்டரை அப்படியே வாங்க வேண்டாம், நாமே கணக்குப் போடலாம். ஜன்னல் அகலம் 4 அடி, உயரம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு அழகாக விழ அகலத்தைப்போல் இரண்டு பங்கு துணி வேண்டும், அதாவது 8 அடி. துணியின் பன்னா 48 அங்குலம் என்றால் இரண்டு துண்டு. உயரம் 5 அடியோடு மேலே அரை அடி, கீழே அரை அடி, மடித்துத் தைக்க ஓர் அடி, ஆக 7 அடி. இரண்டு துண்டுக்கு 14 அடி, அதாவது ஏறக்குறைய 4.27 மீட்டர். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் நாலரை மீட்டர். தைப்பதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள்.

சோபாவுக்கு அளக்க வேண்டியது கூடத்தை மட்டுமல்ல, மாடிப்படியையும் அளக்க வேண்டும். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் கட்டடங்களில் படி குறுகல், திருப்பமோ அதைவிடக் குறுகல். பழைய செய்தித்தாளைச் சோபா அளவுக்குத் தரையில் விரித்துச் சுற்றிலும் இரண்டரை அடி நடக்க இடம் இருக்கிறதா என்று ஒருநாள் புழங்கிப் பாருங்கள்.

எடை போடுவது நம் தொழில். அந்தத் தராசை வீட்டுக்கும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சோபா நுரை மெத்தைக்கு 32 அடர்த்தி, 40 அடர்த்தி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 22 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 5 அங்குலக் கனம் உள்ள ஒரு மெத்தை, 32 அடர்த்தியாக இருந்தால் சுமார் 1 கிலோ 270 கிராம் இருக்க வேண்டும். 40 என்றால் 1 கிலோ 590 கிராம். உறையைக் கழற்றித் தராசில் வைத்தால் 800 கிராம் காட்டுகிறது என்றால் அது 20 அடர்த்திச் சரக்கு; சீக்கிரமே குழி விழுந்துவிடும். ஆனால் எடையை மட்டும் நம்பவும் கூடாது. சுண்ணாம்புத் தூள் சேர்த்துக் கனம் ஏற்றிய நுரையும் சந்தையில் உண்டு. கையால் நன்றாக அமுக்கி விட்டால் சட்டென்று எழும்ப வேண்டும். படுக்கை விரிப்பில் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். துணியைக் கசக்கித் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிர்ந்தால், நாம் கஞ்சிக்குக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

மரச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை சாதாரண உள்ளறை உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 தண்ணீர் படும் இடத்துக்கு. மரத்தூள் பலகை ஐப்பசி மழை ஈரத்தில் உப்பிவிடும், சமையலறைக்கு ஆகாது.

தரை விரிப்புக்கு வருவோம். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கடமையும் இருக்கிறது, ஒரு சுயநலமும் இருக்கிறது. பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டுள்ள 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறி விரிப்பு பவானி என்ற பெயரில் பாதி விலைக்கு நம் கடைத்தெருவிலும் கிடைக்கிறது. அசல் பவானியில் கனமான வண்ண ஊடை பாவை முழுக்க மூடியிருக்கும். கையில் தூக்கினாலே கனம் தெரியும், தரையில் போட்டால் படிந்து கிடக்கும். போலி சுருண்டு எழும்பும். 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லில் பவானி கைத்தறி ஜமக்காளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

சுயநலம் என்று ஏன் சொன்னோம்? ஆரணியில் தறி வீட்டுக்குக் கூலி வந்தால்தான் நம் பற்றுக் கணக்கு தீரும். 2020 ஊரடங்கில் தறிகள் நின்றபோது மளிகைக் கடைப் பற்றுப் புத்தகங்கள் எப்படித் தடித்தன என்பதை நாம் மறக்கவில்லை. பவானி மளிகைக்காரருக்கும் இதே கதைதான். நம் ஊர்ச் சேலையைப் போலியாக நெய்து விற்றால் கொதிக்கிறோம். பிற ஊர்ப் போலியை நாமே வாங்கிக் கூடத்தில் விரிப்பது எப்படிப் பொருந்தும்?

விலை தாங்காதவர்களுக்கு வந்தவாசிக் கோரைப்பாய் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இடைவெளி சீராக இருக்கிறதா, ஓரம் இறுக்கமா, ஈர வாடை வருகிறதா என்று பாருங்கள். பாயைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் கோரை ஒடியும்.

நம் ஊரில் பழைய பட்டுச் சேலையை வெட்டிக் குஷன் உறையும் திரையும் தைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. பார்க்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டுக்கு எதிரி வெயில்தான். மேற்கு ஜன்னலில் லைனிங் இல்லாமல் தொங்கவிட்டால் மஞ்சள் பாய்ந்து, தொட்ட இடத்தில் கிழியும். உள்ளறைக் குஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி வைப்பதற்கு முன் ஜரிகையைச் சோதித்துவிடுவது முக்கியம். அசல் ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். எடைக்கு விலை உண்டு. செம்புக் கம்பி ஜரிகை என்றால் தயங்காமல் வெட்டலாம். புதிதாகப் பட்டு என்று சொல்லி விற்கும் குஷன் துணியில் ஓரத்து நூல் ஒன்றைப் பற்றவைத்தால் போதும். பட்டு மயிர் கருகும் வாடை அடித்துச் சாம்பல் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடைக்கு மேலே குடியிருப்பவர்கள் வெல்வெட், கனத்த மடிப்புத் திரைகளைத் தவிர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை துவைக்கக்கூடிய பருத்தியையே மாட்டலாம். துணிக்குப் போடும் ரசகற்பூர உருண்டையை அரிசி, பருப்பு இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. வாடை சரக்கில் ஏறிவிடும்.

கடைசியாக அலங்காரம். இதற்குக் காசு குறைவு, மனசுதான் வேண்டும். கூடத்தில் அடுக்கியிருக்கும் சோப்புப் பெட்டியையும் சாம்பிள் பாக்கெட்டையும் கடைக்கு அனுப்புங்கள். கம்பெனிக்காரர்கள் கொடுத்த கடிகாரங்களில் ஓடும் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். சுவரில் ஒன்பது காலண்டர் தொங்குகிறதே, அதில் தினசரி கிழிப்பது ஒன்று போதும். மற்ற எட்டையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். காலியான சுவரில் வீட்டுப் பெரியவர்களின் படத்தை, நிற்பவர் கண் மட்டத்துக்கு, மாட்டுங்கள்.