தனியாக ஃபயர்வால் வாங்க வேண்டுமா?

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டருக்கு (விண்டோஸ் 11) எந்த ஃபயர்வால் சாஃப்ட்வேர் வாங்கலாம்?
– வாசகர், கேம்பல் பே

பதில்: எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே நல்ல ஃபயர்வால் இருக்கிறது. 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, அங்குள்ள மூன்று நெட்வொர்க் வகைகளுக்கும் ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் இன்னொன்றைப் போட்டால் இரண்டும் மோதிக்கொண்டு இணையம்தான் தடுமாறும். ஏதாவது புரோகிராம் அனுமதி கேட்டுப் பெட்டி காட்டும்போது, அது என்னவென்று தெரியாவிட்டால் ‘கேன்சல்’ கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் அப்டேட்தான் இதைவிட முக்கியம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் தொடங்கப்பட்டதே, அது உங்கள் கிரேட் நிக்கோபார் வரை வருகிறது. சாட்டிலைட்டை மட்டும் நம்பியிருந்த காலம்போல அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மோடத்தோடு வந்த பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.