மின்சாரத்துக்கு ஒரு ரெடிமேட் வீடு

உங்கள் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்திருப்பீர்கள். கரண்ட் போனால், ஃபைலை சேவ் செய்து கம்ப்யூட்டரை முறையாக நிறுத்த அது சில நிமிடங்கள் தருகிறது. நீங்கள் மெயில் பார்க்கும் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஓடுகின்றன. அவற்றுக்கான யு.பி.எஸ். எங்கே இருக்கும்? சாஃப்ட்வேர் எழுதும் எனக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. பல இடங்களில் அதற்கென்றே தனி வீடு உண்டு. அதன் பெயர் 'இ-ஹவுஸ்'.

உள்ளே என்ன இருக்கும்?

இது இரும்புத் தகடுகளால் ஃபேக்டரியிலேயே செய்யப்படும் அறை. உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச், எம்.சி.பி. போன்றவற்றின் பெரிய வடிவமான ஸ்விட்ச்கியர், யு.பி.எஸ்., பேட்டரிகள், ஏ.சி., புகையை உணரும் கருவி ஆகியவற்றைப் பொருத்தி, வயரிங்கும் முடித்துவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் வெளியே நிற்கும். ஏபிபி, சீமென்ஸ், ஷ்னைடர் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. சுரங்கங்களிலும் எண்ணெய் வயல்களிலும் கூட இவை பயன்படுகின்றன.

ஏன் ஃபேக்டரியில்?

பாகங்களை வாங்கி வந்து வீட்டில் வைத்துப் பூட்டுவதற்கும், கடையிலேயே பூட்டி, ஓட்டிப் பார்த்த கம்ப்யூட்டரை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மனையில் அஸ்திவாரம் போடும்போதே ஃபேக்டரியில் அறை தயாராகிறது, நாட்கள் மிச்சம். தவறுகள் அங்கேயே சோதனையில் தெரிந்துவிடும். பிறகு டிரெய்லரில் ஏற்றி வந்து, கிரேனால் இறக்கி, வெளிக் கேபிள்களை இணைத்து, மீண்டும் ஒருமுறை சோதிப்பார்கள். மிகப் பெரிய அறை என்றால் துண்டுகளாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

தனியாக இருப்பது ஏன் முக்கியம்?

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. சர்வர்கள் இருந்த அறையிலேயே யு.பி.எஸ்.ஸின் லித்தியம் பேட்டரிகளும் இருந்தன. அவற்றை வேறு இடத்துக்கு மாற்றும் வேலையின்போதே விபத்து நடந்தது. அரசின் 709 கம்ப்யூட்டர் சேவைகள் நின்றன. ஊழியர்களின் ஃபைல்கள் இருந்த 'ஜி-டிரைவ்' எரிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தகவலுக்கு வேறு இடத்தில் பேக்கப் இல்லை. பேட்டரிகளைத் தனி இ-ஹவுஸில் வைத்தால், அங்கே பிடிக்கும் தீ சர்வர்களை எட்டும் வாய்ப்பு குறையும்.

உங்கள் வீட்டில்...

1. யு.பி.எஸ்.ஸைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும். அதன்மீது துணியோ புத்தகமோ வைக்காதீர்கள்.

2. பேட்டரி உப்பினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சூடானாலோ, உபயோகிப்பதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

3. முக்கியமான ஃபைல்களின் நகலைக் கம்ப்யூட்டர் உள்ள அறையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். யு.பி.எஸ். கரண்ட்டைத்தான் காப்பாற்றும், உங்கள் ஃபைல்களை பேக்கப்தான் காப்பாற்றும்.