சாம்பல் படிந்த ஊரில் கேமராவோடு

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிலிப்பைன்ஸின் தால் எரிமலை வெடித்தது. அது ஏரிக்கு நடுவே இருக்கும் எரிமலை. தண்ணீரும் எரிகுழம்பும் மோதியதில் மாவாக நொறுங்கிய சாம்பல், நான் வேலை பார்த்த மணிலா வரை வந்து விழுந்தது. மாதக் கடைசியில் எச்சரிக்கை நிலை நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கி மக்கள் வீடு திரும்பத் தொடங்கியதும், ஏரிக்கரை ஊரான தலிசாய்க்குப் போனேன்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. பொடிந்த பாறையும் கண்ணாடியும் அது. முதல் நாளே பழக்கதோஷத்தில் லென்ஸ் ஃபில்டரைச் சட்டை நுனியால் துடைத்து, முழுக்கக் கீறல். ஃபில்டர் மாட்டியிருந்ததால் லென்ஸ் தப்பியது. ரப்பர் புளோயரால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும். வெளியில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். என்95 முகக்கவசமும் கண்ணை முழுதும் மூடும் கண்ணாடியும் கட்டாயம்.

வெயிலில் காய்ந்த சாம்பல் வெளிறிப்போய்க் கண் கூசும். கேமரா அதை மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். காலைச் சாய்வெயிலில்தான் துடைப்பம் போன தடமும் கால்தடமும் எடுப்பாகத் தெரியும்.

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் தையல் மெஷினைப் பிரித்து வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பல்சக்கரங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். “இஹோ, முதலில் அந்த வாளியைத் தூக்கு” என்றார். ‘இஹோ’ என்றால் ‘மகனே’ என்று அர்த்தம். நனைந்த சாம்பல், சிமென்ட் கலவைபோலக் கனத்தது. பத்து வாளி கொட்டிவிட்டு வந்தபின், “மெஷின் ஓடும்போது எடு” என்றார். சாயங்காலம் ஊசி ஓடியது. சாம்பல் ஏறிய விரல்கள் பூப்போட்ட துணியைத் தள்ளின. அன்று எடுத்தவற்றில் நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு படம்தான்.

பிப்ரவரி கடைசியில் மறுபடி போனேன்: முதல் பயணத்தில் தென்னையை எடுத்த அதே இடம், அதே நேரம், அதே லென்ஸ். சாம்பல் பாரத்தில் மடங்கித் தொங்கிய தென்னையின் நடுவே புதுக் குருத்து நிமிர்ந்து நின்றது. முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பச்சையின் அருமை புரியும். மார்ச் நடுவில் கொரோனா ஊரடங்கு வந்து, மூன்றாவது பயணம் நின்றுபோனது.

இரண்டாம் முறை போனபோது அந்த அம்மாவின் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டார். இப்படியொரு ஊருக்குப் போகிறவர்கள், படம் எடுத்ததோடு வந்துவிடாதீர்கள். மறுபடி போங்கள், எடுத்ததை அவர்கள் கையில் கொடுங்கள்.