கோழித் தீவனமும் மூலிகைத் தூளும்

நாமக்கல்லுக்கு அருகே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மாமா, சென்ற பங்குனியில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை, ஒருத்தர் மூலிகைத் தூள் கொண்டுவந்திருக்கார். கோழிக்கு வெயில் தாங்கும், முட்டை குறையாதுங்கறார். தீவனத்திலே கலக்கட்டுமா? வடக்கே போய் இதைத்தானே படிக்கறே?" உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. நம் சங்கத்து அன்பர்களில் வேதியியலும் விலங்கியலும் பயில்வோர் பலர். வீட்டில் பண்ணை உடையவரும் சிலர் உண்டு. ஆகவே நான் தேடிய விடையை இங்கே எழுதுகிறேன்.

பொட்டலத்தின் மேல் "ஆக்ஸிகரணத் தடைப்பொருள்கள் நிறைந்தது" என்று அச்சிட்டிருந்ததாம். ஆக்ஸிகரணம் என்பது யாது? தேங்காய் எண்ணெயை நெடுநாள் வைத்தால் காறிப்போகிறதன்றோ? அதுதான். மக்காச்சோள எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவற்றில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கும் ஹைட்ரஜன் அணு எளிதில் கழன்றுவிடும். அணுவை இழந்த மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது அதற்கடுத்ததிடம் பறிக்கும். ஓலைக் குடிசை வரிசையில் தீப்பிடித்தாற்போல இது ஓடும். தடைப்பொருள் செய்வது, தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிட்டு, பிறரிடம் பறிக்காமல் அடங்கி நிற்பது. வைட்டமின் ஈ அவ்வாறு செய்யும். ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், மஞ்சளின் கர்க்குமின், தேயிலையின் கேட்டக்கின் ஆகிய பீனால் வகைப் பொருள்களும் செய்யும். எனவே பொட்டலத்து வாசகம் பொய்யன்று. ஆனால் எந்த இடத்தில் செய்யும் என்பதை அது சொல்லவில்லை. முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

தீவன மூட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். முழுத் தானியத்தில் எண்ணெய் உறைக்குள் அடங்கியிருக்கிறது. அரைத்தவுடன் காற்று புகுந்துவிடுகிறது. எண்ணெய் நீக்காத பச்சைத் தவிட்டின் நிலை இன்னும் மோசம். நெல்லைத் தீட்டிய உடனே தவிட்டிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைப் பிளக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் கிடந்த தவிட்டு மூட்டையை அவிழ்த்தவர்க்கு அந்த வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. காறிய எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஏயையும், தானியத்தில் இயற்கையாய் உள்ள வைட்டமின் ஈயையும் அழித்துவிடுகிறது. இதைத் தடுக்க எத்தாக்ஸிகுவின் முதலிய செயற்கைப் பொருள்களைச் சேர்த்து வந்தார்கள். எத்தாக்ஸிகுவினுக்கு அளித்திருந்த அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் நிறுத்திவைத்தது. இந்த வேலைக்குத் தாவரப் பொருள்கள் தகுதியுடையவை. ரோஸ்மேரி இலையிலுள்ள கார்னோசிக் அமிலம் எண்ணெயிலே கரைந்து, அது காறுவதை நன்றாகத் தடுக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. பண்ணைக்காரர் வாங்கும் வைட்டமின் கலவையில் உள்ள வைட்டமின் ஈ பெரும்பாலும் அசிட்டேட் வடிவில் இருக்கும். ஹைட்ரஜனைக் கொடுக்கும் முனையை மூடிவைத்த வடிவம் அது. ஆகையால் மூட்டைக்குள் அது தானும் கெடாது, தீவனத்தையும் காக்காது. கோழியின் குடலில் மூடி கழன்ற பிறகே வேலைக்கு வரும். மூட்டையைக் காப்பது ஒரு பொருள், கோழியைக் காப்பது வேறொரு பொருள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கோழியின் உடலுக்குள் என்ன நேர்கிறது? 1931-இல் அமெரிக்காவில் பேப்பன்ஹைமர், கெட்ச் என்னும் இருவர் குஞ்சுகளின் ஒரு நோயை விவரித்தார்கள். தலை பின்னோக்கி வளையும், கால் தள்ளாடும், குஞ்சு விழுந்து புரளும். அறுத்துப் பார்த்தால் சிறுமூளையில் இரத்தக் கசிவு. வைட்டமின் ஈ குறைந்து, இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் தீவனத்தில் கூடும்போது இந்நோய் வருகிறது. உயிரணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனதே. அங்கேயும் அதே தீ ஓடுகிறது. வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள்ளேயே போய்த் தங்குவதால் அணைக்கிறது.

மூலிகைப் பீனால்கள் இவ்வாறு தங்குவதில்லை. கர்க்குமின், கேட்டக்கின் போன்றவற்றில் குடல் உறிஞ்சுவது சிறிதளவே. உறிஞ்சியதையும் குடற்சுவரும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. சோதனைக் குழாயில் ஊதாக் கரைசல் நிறம் மாறுவதைக் காட்டி, "வைட்டமின் ஈயைவிடப் பன்மடங்கு வலிவு" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உணவுப் பொருள்களின் இத்தகைய குழாய்க் கணக்குப் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டிருந்தது; உடலில் நடப்பதற்கு அது அளவுகோலாகாது என்று 2012-இல் தானே நீக்கிவிட்டது. நம் ஆய்வேடுகளில் மட்டும் அந்த ஊதாக் கரைசல் இன்னும் கோலோச்சுகிறது!

அப்படியானால் மூலிகை வீணா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. தைமாலும் ஓரிகானோவின் கார்வக்ராலும் குடலிலுள்ள நுண்ணுயிர்களின் மேல் வேலை செய்பவை. அதனால் சில பரிசோதனைகளில் நன்மை தெரிகிறது. அது ஆக்ஸிகரணத்தைத் தடுத்ததால் வந்த நன்மையென்று பெயர் சூட்டுவதுதான் தவறு. மேலும் நெல்லி, கடுக்காய்த் தூள்களில் டானின் உண்டு. அளவு மீறினால் அது புரதத்தைப் பிணைத்துச் செரிக்கவிடாமல் செய்யும். "மூலிகைதானே, கெடுதல் இல்லை" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

வெயிலில் கோழிக்குத் துன்பம் என்பதில் ஐயமில்லை. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். 1999-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம் வைட்டமின் ஈ கொடுத்தபோது வெப்பத்தால் நேரும் முட்டைக் குறைவு தணிந்தது. எந்த மூலிகைத் தூளையும் இதனோடு நிறுத்துப் பார்த்த பிறகே ஏற்கலாம். தூள் சேர்த்த கோழிகளையும் ஒன்றும் சேர்க்காத கோழிகளையும் மட்டும் ஒப்பிடுவது அரைகுறைச் சோதனை.

மாமாவிடம் மறுநாள் இவ்வளவும் சொல்லவில்லை. தவிட்டையும் அரைத்த சோளத்தையும் வாரத்துக்கு வேண்டிய அளவே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தூள்காரரிடம் ஒரு கிலோவில் எந்தப் பொருள் எத்தனை கிராம் இருக்கிறதென்று எழுதி வாங்கச் சொன்னேன். பிறகு ஒரே கொட்டகையில், ஒரே வயதுக் கோழிகளில், சில வரிசைகளுக்குத் தூள், சில வரிசைகளுக்கு வைட்டமின் ஈ, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. கத்திரி வெயில் முடியும்வரை தீவனத்தையும் முட்டையையும் வரிசை வரிசையாக நிறுத்து எழுதுங்கள் என்றேன். "கணக்கு எழுதுற ஆளுக்குக் கூலி யார் கொடுக்கறது, நீயா?" என்று சிரித்தார். மூன்றாம் நாள் அத்தை கூப்பிட்டு, தூள்காரர் எதையும் எழுதித் தரவில்லை என்றும், மாமா ஒரு மூட்டை மட்டும் வாங்கி, கொட்டகைத் தூணில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்றும் சொன்னார்.