சூறைக்காற்றும் கூட்டுப் பறவைகளும்



சித்திரை, வைகாசித் திங்கள்களில் அல்லிநகரத்தில் பிற்பகல் வரை வெயில் வாட்டும். மாலையில் மேற்கு மலைத்தொடரின்மேல் கார்முகில் திரளும். சிறிது நேரத்தில் புழுதியை வாரிக்கொண்டு சூறைக்காற்று வரும். கம்பம் பள்ளத்தாக்கின் வாழை உழவர்கள் பெரிதும் அஞ்சுவது இக்காற்றையே. குலை தள்ளிய வாழைகள் ஒரு நாழிகைக்குள் சாய்ந்துவிடும். அதே நேரத்தில் மரக்கிளைகளில் உள்ள கூடுகளும் சிதறுகின்றன. அவற்றை எண்ணிப் பார்ப்பதே இப்பாடம்.

இக்காற்று எவ்வாறு பிறக்கிறது? வெயிலால் சூடேறிய காற்று ஈரத்துடன் மேலெழுந்து இடிமுகிலாகிறது. மழை பொழியும்போது குளிர்ந்த காற்று கனத்து, விரைந்து கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. ஆனி முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று வேறு. அது மலை இடைவெளிகள் வழியே நாள்தோறும் வீசுவது.

பருவக்காற்றுக்குப் பறவை ஆயத்தமாகிறது. தூக்கணாங்குருவி தன் கூட்டைப் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் புறத்தில், காற்றின் வேகம் குறைந்த பக்கத்தில் தொங்கவிடுவதைப் பறவையியலார் கண்டுள்ளனர். ஆனால் கோடைச் சூறை முன்னறிவிப்பின்றி வருவது. அப்பொழுதுதான் காகம் உயர்ந்த கிளையில் சுள்ளிக்கூட்டில் குஞ்சுகளுடன் இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதல் ஆண்டில், காற்றில் விழுந்த குஞ்சு ஒன்றை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்தனர். இரக்கம் மேலிட்டு, பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் பிழிந்தேன். சற்று நேரத்தில் அது மூச்சுத்திணறி இறந்தது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாவின் பின்னேயே திறந்திருக்கும். நான் ஊட்டிய பால் அதனுள் இறங்கிவிட்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று அக்குழந்தைகள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே, கடைப்பிடிக்க வேண்டியவை:

1. குஞ்சின் வாயில் பாலோ நீரோ ஊற்றலாகாது.

2. இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. காகமாயின் தலையில் துண்டு கட்டிச் செல்க. தாய் கொத்த வரும்.

3. கூடு சிதைந்திருப்பின், நீர் வடியும் சிறு கூடையில் உலர்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் கட்டி, விலகி நின்று கவனிக்கவும்.

4. இறகு நிரம்பிய குஞ்சு பறக்கப் பழகுவது. தாழ்ந்த கிளையில் விட்டுப் பூனை, நாய் அணுகாமல் காக்கவும்.

5. காயமுற்றிருப்பின் கால்நடை மருத்துவரையோ வனத்துறையினரையோ அணுகவும். கிளிக்குஞ்சை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

6. காற்றுக்கு அஞ்சிக் கிளை கழிப்போர், முதலில் கூடு உண்டா எனப் பார்க்கவும்.

பறவையை ஐந்தறிவுயிர் என்றும், காற்றையும் ஓரறிவுயிர் என்றும் கொள்வது நம் நெறி. எனவே காற்றின்மீது சினம் கொள்வதற்கில்லை. நம் கையால் ஊறு நேராமல் காப்பதே நமக்குரியது. நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் நடுவே நன்ஞானம் வைக்கப்பட்டிருப்பதன் பொருளை, எனக்கு அந்தச் சிறு குஞ்சு கற்பித்தது. அறியாமல் செய்யும் இரக்கமும் ஊறாக முடியலாம்.

சிறுவர் சிந்தனைக்கு:

1. தூக்கணாங்குருவி கிழக்குப் புறத்தைத் தேர்வதேன்?

2. உங்கள் தெருவில் இப்போது எத்தனை கூடுகள் உள்ளன? பெற்றோருடன் சென்று, தொலைவில் நின்று எண்ணி எழுதுக.