எரர் லாகில் மூன்று வரி

டிபிஏ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, எஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாகில் 'கேஷ்ஸ்டோர் ஃப்ளஷ்' என்று அடுத்தடுத்து மூன்று வரி வந்தால் கை உதறும். எனக்கும் உதறியது.

1. காலியானது பிளான் கேஷ். க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று சர்வர் போட்டு வைத்த பிளான்கள் அதில் கிடக்கும். டிஸ்கில் இருக்கும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று வரி என்பதால் மூன்று கோளாறும் அல்ல. ஆப்ஜெக்ட் பிளான்ஸ், எஸ்க்யூஎல் பிளான்ஸ், பவுண்ட் ட்ரீஸ்: கேஷின் அறைக்கு ஒரு வரி.

2. அதற்காக அலட்சியம் வேண்டாம். பிளான் போனால் எல்லா க்வெரியும் மறுபடி கம்பைல் ஆகும், சிபியு சட்டென்று ஏறும்.

3. வரியைக் கடைசிவரை படியுங்கள். எத்தனை முறை என்ற எண் அதில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வர் எழுதாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான். 1 என்றால் யாரோ எதையோ மாற்றியிருக்கலாம். 40 என்றால் ஏதோ தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் வரியின் வாலில் இருக்கும். அங்கே டிபிசிசி ஃப்ரீப்ராக்கேஷ் என்றிருந்தால் முதலில் ஜாப் லிஸ்டைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருந்த புண்ணியவான் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்.

4. மேல் வரி, கீழ் வரியையும் படியுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு கம்பெனியில் 2008 பதிப்பு. நாள் முழுக்க இந்த வரிகள். ரேம் போதவில்லை என்று முடிவு கட்டி, கொட்டேஷன்கூட வாங்கிவிட்டேன். அதே லாகில் ஒரே டேட்டாபேஸின் பெயரைப் போட்டு 'ஸ்டார்டிங் அப் டேட்டாபேஸ்' என்று பக்கம் பக்கமாக இருந்தது. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. அது எக்ஸ்பிரஸ் எடிஷனில் பிறந்த டேட்டாபேஸ். அங்கே ஆட்டோ க்ளோஸ் ஆரம்பத்திலேயே ஆன். பேக்கப்பைப் பெரிய சர்வரில் ரீஸ்டோர் செய்தபோது அந்தக் குணமும் கூடவே வந்துவிட்டது. கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸ் தன்னை மூடிக்கொள்ளும். மூடும்போது, அந்தப் பதிப்பில், மொத்த இன்ஸ்டன்ஸின் பிளான் கேஷையும் துடைத்துவிடும். ஒருத்தர் தூங்கப் போகையில் வீட்டுக்கே மெயின் ஸ்விட்சை அணைத்த கதை. சிஸ்.டேட்டாபேசஸில் இஸ்_ஆட்டோ_க்ளோஸ்_ஆன் என்ற நெடுவரிசையில் 1 தெரிந்தால் ஆஃப் செய்யுங்கள். கொட்டேஷனை நான் யாரிடமும் காட்டவில்லை.

5. மேக்ஸ் சர்வர் மெமரியையோ மேக்ஸ்டாப்பையோ மாற்றி ரீகான்ஃபிகர் கொடுத்தாலும் இதே வரிகள்தான். பகலில் வேண்டாம்.

6. ஒரு க்வெரி படுத்தால் மொத்தக் கேஷையும் துடைக்காதீர்கள். அந்தப் பிளானின் ஹேண்டிலைக் கொடுத்து ஃப்ரீப்ராக்கேஷ் ஓட்டினால் அது ஒன்று மட்டும் போகும். எஃப்5 அழுத்துமுன் மவுஸால் எதுவரை செலக்ட் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஹேண்டில் விட்டுப்போய் முன்பாதி மட்டும் ஓடினால், அந்த மூன்று வரியும் உங்கள் உபயம்.