வரைபடக் கூம்பும் கடற்புயலும்



எச்சரிக்கைப் படத்தில் ஓர் ஊர் வெள்ளைக் கூம்புக்கு வெளியே இருந்தால் அவ்வூருக்குச் சூறாவளியால் தீங்கில்லை என்று கொள்ளலாமா என இளவல் கேட்டிருந்த கேள்விக்கு, 'கொள்ளலாகாது' என்று ஒரே சொல்லில் விடையளித்துவிட முடியும். ஆயினும் இதே தவறான கருத்தை ஆண்டுதோறும் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் பரப்பி வருவதாலும், இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வங்கக் கடற்புயல்களுக்கு இத்தகைய கூம்பையே வெளியிடுவதாலும், இது விரிவாகவே எழுதப்பட வேண்டியதாகிறது. வெப்பக் கடலில் புயல் பிறக்கும் விதமும் அதன் கண்ணின் அமைப்பும் இளவல் பாடநூலில் கற்றவையாதலால் அவை இங்கே விடப்படுகின்றன.

அட்லாண்டிக் பெருங்கடலின் சூறாவளிகளைக் கண்காணிப்பது அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள தேசியச் சூறாவளி மையம். அம்மையம் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை அறிக்கை வெளியிட்டு, புயலின் மையம் 12 மணி நேரம் முதல் 120 மணி நேரம் வரை எவ்வெப்போது எங்கிருக்கும் என்பதைப் புள்ளிகளாகக் குறிக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, வட்டங்களின் வெளி விளிம்புகளை இணைத்தால் கிடைப்பதே கூம்பு. வட்டத்தின் ஆரம் அன்றைய புயலைப் பார்த்து முடிவு செய்யப்படுவதன்று. முந்தைய 5 ஆண்டுகளில் மையத்தின் முன்கணிப்புகள் எவ்வளவு தவறின என்று கணக்கிட்டு, அத்தவறுகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி அது வகுக்கப்படுகிறது. ஒரு நாள் முன்கணிப்புக்கு அந்த ஆரம் ஏறத்தாழ 40 கடல் மைல். ஐந்து நாள் முன்கணிப்புக்கு 200 கடல் மைல் அளவு. நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டுவரும் இம்முறையில் ஒரு பருவத்தின் எல்லாப் புயல்களுக்கும் வட்டங்கள் ஒன்றே. ஆகவே ஒரு புயலின் கூம்பு நீண்டும் மற்றொன்றின் கூம்பு குறுகித் திரண்டும் தோன்றினால், அவை விரைந்தும் மெதுவாகவும் நகர்கின்றன என்பதே பொருளன்றி, ஒன்றின் பாதை ஐயத்திற்குரியது, மற்றொன்றின் பாதை உறுதியானது என்பதன்று.

கூம்புக்குள் அடங்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றால், மூன்றில் ஒன்று வெளியே கிடக்கிறது. அடங்குவதும் புயலின் மையப் புள்ளி மட்டுமே. புயலின் காற்றோ மழையோ கடல் நீர் ஏற்றமோ அன்று. 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி புளோரிடாவை நெருங்கியபோது, பலருடைய கண்கள் கூம்பின் நடுவிலிருந்த டாம்பா நகரின் மேலேயே நிலைத்திருந்தன. விளிம்பை ஒட்டிக் கிடந்த லீ மாவட்டத்திற்கு வெளியேற்ற ஆணை 27ஆம் நாள் காலையில்தான் வந்தது. மறுநாள் புயல் அம்மாவட்டத்தின் காயோ கோஸ்டா தீவில் மணிக்கு 240 கி.மீ. காற்றுடன் கரையைக் கடந்தது. போர்ட் மையர்ஸ் கடற்கரையில் நீர் 3 மீட்டருக்கு மேல் ஏறியது. கூம்பு அங்கே பொய்க்கவில்லை. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவர்களே ஏமாந்தனர். கடல் நீர் ஏற்றத்திற்கு அதே மையம் தனி எச்சரிக்கைகள் வெளியிட்டுக்கொண்டிருக்க, ஒரு கோட்டின் மேல் சிவப்புச் சுழியை ஓடவிட்டுக் காட்டும் படங்களையே மக்கள் நம்பும்படி செய்வது பொறுப்பற்ற செயல் என்பதில் ஐயமில்லை.

கடலோடிகளுக்கு இந்தத் தெளிவு கரையிலுள்ளோரைவிட முன்னதாகவே தேவைப்பட்டது. அவர்களுக்கான அறிக்கையில், மணிக்கு 34 கடல் மைலுக்கு (ஏறத்தாழ 63 கி.மீ.) மேற்பட்ட காற்று மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்பது வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு எனக் கால்வட்டம் கால்வட்டமாகத் தனித்தனியே தரப்படும், புயல் எப்போதும் ஒரே சீரான வட்டமாக இருப்பதில்லை என்பதே காரணம். அத்தொலைவுடன் முதல் நாளுக்கு 100, இரண்டாம் நாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 கடல் மைல் கூட்டி, கிடைக்கும் பரப்புக்குள் கப்பல் நுழையாதபடி வழி வகுப்பதே மாலுமிகளின் '1-2-3 விதி'. வட அரைக்கோளத்தில் புயல் செல்லும் திசைக்கு வலப்பக்கம் ஆபத்தான பாதி எனப்படும். அங்கே சுழல் காற்றின் வேகத்துடன் புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்வதோடு, காற்றே கப்பலைப் புயலின் பாதைக்குள் தள்ளிவிடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய நூலைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1821ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் கனெக்டிகட் மாநிலத்தில் மரங்கள் ஓரிடத்தில் ஒரு திசையிலும் வேறோரிடத்தில் எதிர்த் திசையிலும் சாய்ந்து கிடந்ததைக் கண்ட வில்லியம் ரெட்பீல்டு, புயல் சுழன்றுகொண்டே நகர்கிறது என்று 1831இல் எழுதினார். அக்கருத்தை மாலுமியின் கைக்கருவியாக மாற்றியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் அவர் வெளியிட்ட 'மாலுமியின் கொம்பு நூல்' என்னும் கையேட்டுடன், காற்றின் திசைகள் பொறிக்கப்பட்ட, கொம்பால் ஆன ஒளிபுகும் தகடுகள் இணைக்கப்பட்டிருந்தன. மாலுமி தன் கப்பலில் வீசும் காற்றின் திசையை அறிந்து, தகட்டைக் கடல் வரைபடத்தின் மேல் அதற்கேற்ப நகர்த்தி வைத்தால், புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என்பது புலப்படும். செயற்கைக்கோளும் கம்பியில்லாத் தந்தியும் இல்லாத காலத்து நூல் அது. ஆயினும் 'புயல் எங்கே' என்று தொடங்காமல் 'கப்பல் புயலின் எப்பக்கத்தில்' என்று தொடங்கும் அதன் முறையை இன்றைய பாடநூல்கள் பல மறந்துவிட்டமை வருந்தத்தக்கது.

அக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததால் நேர்ந்த கொடியவற்றுள் ஒன்று எல் பாரோ கப்பலின் முடிவு. 2015 செப்டம்பர் 29 இரவு புளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குச் சரக்குப் பெட்டகங்களுடன் புறப்பட்ட அக்கப்பல், அக்டோபர் 1 காலை பஹாமாஸின் குரூக்கட் தீவருகே ஹுவாக்கின் சூறாவளியில் மூழ்க, அதிலிருந்த 33 பேரும் மாண்டனர். விரைவில் வடக்கே திரும்பிவிடும் என்று முதலில் கணிக்கப்பட்ட ஹுவாக்கின், வடக்கே நிலைகொண்டிருந்த உயர் அழுத்தத்தால் தள்ளப்பட்டுத் தென்மேற்கே இறங்கியது. முன்கணிப்பில் வழக்கத்தைவிடப் பெரிய தவறுகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் தவறுகள் அறிக்கைக்கு அறிக்கை திருத்தப்பட்டுக்கொண்டுமிருந்தன.

4,500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து 2016 ஆகஸ்டில் மீட்கப்பட்ட கப்பலின் ஒலிப்பதிவுக் கருவியில் கடைசி 26 மணி நேரத்துப் பேச்சு பதிந்திருந்தது. அதிலிருந்து தெரியவந்த செய்தி இதுதான்: கப்பலுக்கு வானிலைச் செய்தி இரண்டு வழிகளில் வந்துகொண்டிருந்தது. சூறாவளி மையத்தின் அறிக்கை, செயற்கைக்கோள் வழியாக வெறும் எழுத்துகளாக, உடனுக்குடன் மேல்தளத்தை அடைந்தது. வண்ணப் படங்களாகத் தொகுக்கப்பட்ட மற்றொரு செய்தி மின்னஞ்சலில் வந்தது. தொகுப்பதற்கும் அனுப்புவதற்கும் நேரம் பிடித்ததால் அப்படங்களிலிருந்த புயல் பல மணி நேரம் பழையது. கப்பல் தலைவர் படங்களையே சார்ந்திருந்தார் என விசாரணை முடிவு செய்தது. எழுத்து அறிக்கையைப் படித்த துணை அதிகாரிகள் இருவர் கடைசி இரவில் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தெற்கே திரும்பலாம் என்று சொல்லியும் போக்கு மாற்றப்படவில்லை. திறந்திருந்த ஒரு நுழைவாயில் வழியே சரக்கறைக்குள் நீர் புகுந்ததும், கப்பல் சாய்ந்ததால் எந்திரத்திற்கு மசகெண்ணெய் கிடைக்காமல் அது நின்றுபோனதும் முடிவுக்கு உடனடிக் காரணங்கள். ஆனால் சரியான இடத்தில் இருந்திருந்தால் அக்கப்பலுக்கு அந்நிலையே வந்திராது.

இதிலிருந்து பெறப்படும் கணக்கு ஒன்று, வேறு எதைக் காட்டிலும் இளவல் மனத்தில் பதிக்க வேண்டியது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் நகரும் புயலின் 12 மணி நேரப் பழைய படத்தைப் புதியதென்று நம்பினால் பிழை 120 கடல் மைல். அது ஒரு நாள் முன்கணிப்புக்கான வட்டத்தின் ஆரத்தைப் போல் மும்மடங்கு. வல்லுநர்கள் அரும்பாடுபட்டுக் குறைத்த பிழையை, படத்தின் மூலையிலுள்ள நேரத்தைப் பார்க்காத ஒருவர் நொடியில் மும்மடங்காக்கிவிடுகிறார். மேலும், அறிக்கையிலுள்ள மணிக்கணக்குத் தொடங்குவது அது வெளியான நேரத்திலிருந்து அன்று, அதற்கு 3 மணி நேரம் முந்தைய நோக்கீட்டு நேரத்திலிருந்து. உலகப் பொது நேரம் 15 மணிக்கு வெளியாகும் அறிக்கையின் 12 மணி நேரப் புள்ளி நள்ளிரவு 0 மணிக்குரியது. நேரத்தை முதலில் படிக்காமல் பாதையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவருக்கும் புயலைக் கண்காணிக்கத் தெரியாது.

படமே வராதபோதும் கடல் சில செய்திகளைத் தருகிறது. வணிகக் காற்று எழுப்பும் அலைகள் பொதுவாக 5 முதல் 8 நொடிக்கு ஒன்றாக வரும். தொலைவிலுள்ள புயல் எழுப்பும் நீண்ட அலைகள் 12 நொடிக்கும் மேற்பட்ட இடைவெளியுடன், பெரும்பாலும் புயலைவிட வேகமாகப் பயணம் செய்து, முன்னதாகவே வந்து சேரும். அழுத்தமானியைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு: வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை, இரவு 10 மணியளவில் உயர்ந்தும் 4 மணியளவில் தாழ்ந்தும் நாளுக்கு இருமுறை ஏறியிறங்குவதால், அதைக் கழித்த பின்னரும் அப்பருவத்து இயல்பைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும், 5 மில்லிபார் குறைந்தால் புயல் அருகிலுள்ளது என்றே கொள்ள வேண்டும். ஹவானாவின் பெலென் கல்லூரியில் இருந்த இயேசு சபைத் துறவி பெனித்தோ வீனியெஸ், அழுத்தத்துடன் உயர்வானத்து இறகு மேகங்கள் விரியும் திசையையும் நாள்தோறும் குறித்து வந்தே 1875 செப்டம்பர் 11இல் சூறாவளி எச்சரிக்கை வெளியிட்டார்.

இனி இளவல் செய்ய வேண்டியது: சூறாவளி மையத்தின் ஆவணத்தில் ஹுவாக்கினுக்குரிய எழுத்து அறிக்கைகள் அனைத்தும் கிடைக்கும், அவற்றை வரிசையாக எடுத்து, பஹாமாஸ் கடல் வரைபடமொன்றில் ஒவ்வோர் அறிக்கையின் நோக்கீட்டு நேரம், மையம், நான்கு கால்வட்டங்களில் மணிக்கு 34 கடல் மைல் காற்றின் எல்லை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து, முதல் நாளுக்கு 100 கடல் மைல் கூட்டி எல்லை வரைக. அதன் மேல் ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குச் செல்லும் நேர்வழியை இட்டு, எந்த அறிக்கையில் அவ்வழி முதன்முதலாக எல்லைக்குள் விழுகிறது என்று கண்டு, அந்த வரைபடத்தையே மறுமொழியாக அனுப்புக.